அத்தியாயம் 6: தனியாளாகச் சவானாவுக்கு

மார்ச் மாதத்தில் சவானாவைச் சுற்றிப் பார்த்தவர்களில் பலர், திரும்பிப் போக விமானம் ஏறும் முன்பே கைப்பேசியில் வாடகை வீடு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அசேலியா பூத்துக் கிடக்கும். ஓக் மரக் கிளைகளில் பாசி சடைசடையாகத் தொங்கும். பத்து நிமிடம் நடந்தால் மூன்று சதுக்கங்கள் வந்து போகும். 1733இல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் வகுத்த தெருத்திட்டம் இன்றும் நடக்கிறவர்களின் காலுக்கு இசைந்ததாக இருக்கிறது. அமைக்கப்பட்ட 24 சதுக்கங்களில் 22 மிஞ்சியிருக்கின்றன. அவை தானாக மிஞ்சவில்லை. 1954இல் பழைய சிட்டி மார்க்கெட்டை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டியதைப் பார்த்துக் கொதித்துப்போன ஏழு பெண்கள், அடுத்த ஆண்டே ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இடிபடவிருந்த டேவன்போர்ட் வீட்டை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியதில் ஆரம்பித்த வேலை அது.

மார்ச்சில் கண்ணில் படாதவை நிறைய. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி செல்சியஸ். சென்னைக்காரரை இந்த எண் மிரட்டாது, புழுக்கமும் பழகியதுதான். பழகாதது சதுப்பு நிலத்திலிருந்து வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கிளம்பிவரும் பொடிப்பொடியான மணல் ஈ. அதன் கடி எவ்வளவு பிரசித்தம் என்றால், 2015 வரை ஊரின் பேஸ்பால் அணிக்கே ‘சாண்ட் நேட்ஸ்’ என்றுதான் பெயர்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கடலோரத்தில் இந்த அளவுள்ள ஊர்கள் பல உண்டு: தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன், வட கரோலினாவில் வில்மிங்டன், அலபாமாவில் மொபீல், ஃப்ளோரிடாவில் பென்சகோலா. 2020 கணக்கெடுப்பின்படி 1,47,780 பேர் வாழும் சவானாவை இங்கே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தண்ணீரும் புயலும் காரும் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றே.

இருவர் உள்ள வீட்டில் ஒருவருக்கு வேலை போனால் மற்றவர் சம்பளம் ஓடும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் மருந்து வாங்கி வருவார். புயல் எச்சரிக்கை வந்தால் ஒருவர் சன்னலுக்குப் பலகை அடிக்கலாம், மற்றவர் பெட்டி கட்டலாம். தனியாளுக்கு அந்த மற்றவர் கிடையாது. பெரிய நகரத்தில் பணம் கொடுத்து அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம். நடுத்தர ஊரில் பணம் கொடுத்தாலும் எல்லாம் கிடைத்துவிடாது, முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்திருக்க வேண்டும். குடியேறி மூன்றாம் மாதத்தில் திண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர், அந்த ஏற்பாடுகளை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்.

முதலில் வேலை

வெளியூர்க்காரர் மனத்தில் சவானா ஒரு சுற்றுலா ஊர். ஊருக்குச் சோறு போடும் பெரிய வேலைகள் ஆற்றின் மேல்பக்கம் இருக்கின்றன. கார்டன் சிட்டியில் உள்ள கன்டெய்னர் முனையம் நாட்டின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்று. 2022இல் ஆற்று வழித்தடத்தை 47 அடிக்கு ஆழப்படுத்தி முடித்தார்கள். அதைச் சுற்றிக் கிடங்குகள், லாரி நிறுவனங்கள், சுங்க முகவர்கள் என்று ஒரு தனி உலகம் இயங்குகிறது. விமான நிலையத்தை ஒட்டி, தனியார் ஜெட் விமானங்கள் தயாரிக்கும் கல்ஃப்ஸ்ட்ரீமின் தலைமையகம் இருக்கிறது. பொறியாளர், தொழில்நுட்பப் பணியாளர் என்றால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அதுதான். நகரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. மேற்கே எல்லபெல்லில் ஹூண்டாயின் மின்கார் ஆலை 2024 அக்டோபரில் உற்பத்தியைத் தொடங்கியது. 8,000க்கு மேற்பட்ட வேலைகள் என்பது அதன் வாக்குறுதி.

விசாவில் இருப்பவர்கள் அந்த வளாகத்தின் இன்னொரு செய்தியையும் மறந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 4 அன்று அங்கே கட்டுமானத்தில் இருந்த மின்கலத் தொழிற்சாலையில் குடியேற்ற அதிகாரிகள் நடத்திய சோதனையில் 475 பேர் பிடிபட்டார்கள். பெரும்பாலோர் தென்கொரியர்கள். எந்த நிறுவனத்தின் பெயரில் விசா, எந்த இடத்தில் வேலை, எந்த ஒப்பந்தக்காரர் சம்பளம் தருகிறார் என்ற மூன்றும் காகிதத்தில் ஒத்துப்போகிறதா என்பதை வேலைக் கடிதம் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிதானமான முதலாளிகள். மெமோரியல், செயின்ட் ஜோசஃப்ஸ்/கேண்ட்லர் என இரண்டு பெரிய மருத்துவ அமைப்புகள் செவிலியரையும் ஆய்வகப் பணியாளரையும் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. 1978இல் தொடங்கிய சவானா கலை வடிவமைப்புக் கல்லூரி பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் புதுப்பித்ததில் நகர மையத்தின் பாதி முகமே மாறியது. உணவகம், விடுதி வேலைகள் எளிதாகக் கிடைக்கும், ஆனால் கூலி மோசம். ஜார்ஜியாவில் குறைந்தபட்சக் கூலி மத்திய அரசு நிர்ணயித்த 7.25 டாலர்தான். டிப்ஸ் வாங்கும் பரிமாறுநருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், அந்த 7.25க்கு மிச்சத்தை டிப்ஸ் ஈடுகட்ட வேண்டும். மார்ச்சில் கொழிக்கும் டிப்ஸ் ஜனவரியில் காய்ந்துபோகும்.

ஒரே முதலாளியை நம்பி வருவதில் உள்ள ஆபத்து 2025இல் கண்கூடாகத் தெரிந்தது. 1930களிலிருந்து ஊரின் காற்றுக்கே ஒரு வாசனை கொடுத்துக்கொண்டிருந்த காகித ஆலை அந்த ஆகஸ்டில் மூடப்போவதாக அறிவித்தது. செப்டம்பர் முடிவுக்குள் சவானாவிலும் அருகிலுள்ள ரைஸ்பரோவிலுமாக ஏறத்தாழ 1,100 பேர் வேலை இழந்தார்கள். அட்லாண்டாவில் ஒரு வேலை போனால் அதே தெருவில் இன்னொன்று தேடலாம். இங்கே ஒரு துறையில் இரண்டு மூன்று முதலாளிகளுக்கு மேல் இருக்கமாட்டார்கள். தனியாள் வங்கிக் கணக்கில் மூன்று மாதச் செலவு போதாது, ஆறு மாதச் செலவு இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வீட்டிலிருந்தபடி வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கு இந்தக் கவலை குறைவு. அவர் பார்க்க வேண்டியது வரி: 2025இல் ஜார்ஜியாவின் வருமான வரி ஒரே விகிதமாக 5.19 சதவீதம். வரியே இல்லாத ஃப்ளோரிடாவோடு ஒப்பிட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

தண்ணீர் எங்கே நிற்கும்?

சவானாவில் வீடு பார்ப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை அல்ல, மட்டம்.

பழைய நகரம் ஆற்றங்கரை மேட்டில், ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டது. 18ஆம் நூற்றாண்டுக்காரர்கள் இடம் பார்த்துத்தான் இறங்கினார்கள். தெற்கே நகரம் வளர வளரத் தாழ்வான நிலத்துக்கு வந்தது. கிழக்கே உள்ள வில்மிங்டன், வைட்மார்ஷ், டைபீ தீவுகள் சதுப்புக்கு நடுவே இருக்கின்றன. ஜார்ஜியாக் கடற்கரை உள்நோக்கி வளைந்திருப்பதால் இங்கே ஓதம் இரண்டரை மீட்டருக்குக் கிட்ட ஏறி இறங்கும், அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இதுவே அதிகம். பெருமழையும் ஓத ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் தண்ணீர் போக வழியின்றித் தெருவில் நிற்கும். டைபீ போகும் ஒரே சாலையான நெடுஞ்சாலை 80 ஆண்டின் மிக உயர்ந்த ஓத நாட்களில் புயலே இல்லாமல் தண்ணீருக்குள் போகும். கடல் பார்த்த வீடு வேண்டும் என்று டைபீயில் குடியேறி, நகரத்தில் காலை எட்டு மணி வேலைக்குப் போகிறவர் சுவரில் ஓத அட்டவணையை ஒட்டி வைத்திருப்பார்.

ஆகவே முகவரி கையில் வந்ததும் மத்திய அரசின் வெள்ள வரைபடத்தில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். ஏஇ, விஇ என்று குறித்த இடங்கள் அபாயப் பகுதி. எக்ஸ் என்றால் அபாயம் குறைவு. குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளில்லை. 2024 ஆகஸ்டில் டெபி புயல் ஃப்ளோரிடாவில் கரையேறி, வலுவிழந்து, சவானாப் பக்கம் மெதுவாக நகர்ந்துபோனது. காற்று பெரிய சேதம் செய்யவில்லை. நாள்கணக்கில் கொட்டிய மழைதான் வீடுகளுக்குள் புகுந்தது. வரைபடத்தைப் பார்த்த கையோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “டெபி வந்தப்போ இங்கே தண்ணி எதுவரை வந்தது?” என்று கேட்பது எல்லாவற்றையும் விட நம்பகமான வழி. ஊர்க்காரர்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள்.

வாடகைக்காரர் காப்பீடு எடுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வழக்கமான வாடகைக்காரர் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. அதற்குத் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். பணம் கட்டியதிலிருந்து சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் அது நடப்புக்கு வரும். செய்தியில் புயலின் பெயர் வந்தபிறகு முகவரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

வீடும் ஒப்பந்தமும்

நகர மையத்தில் தனியாளுக்கு வாய்ப்பவை இரண்டு வகை. ஒன்று ‘கார்டன் அபார்ட்மென்ட்’: பெரிய வீட்டின் முன்படிக்கட்டுக்குக் கீழே, தெரு மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ இருக்கும் தளம். பெயரைக் கேட்டுத் தோட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். குளிர்ச்சியாக இருக்கும், இருட்டாகவும் இருக்கும், துணி அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னொன்று ‘கேரியேஜ் ஹவுஸ்’: வீட்டின் பின்சந்தைப் பார்த்து, ஒரு காலத்தில் குதிரை வண்டி நிறுத்திய கொட்டகையை மாற்றிக் கட்டிய சிறு வீடு. தனியாளுக்கு இதைவிடத் தோதான வீடு இந்த ஊரில் இல்லை. தனி வாசல், மேலேயோ சுவரோடு சுவராகவோ யாரும் இல்லை, முன்வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் நாலு வார்த்தை பேசவும் ஆளுண்டு.

அக்கம்பக்கம் யார் என்பதையும் பார்த்தாக வேண்டும். உரிமையாளர் குடியிருக்காத சுற்றுலாத் தங்கல் வீடுகள் ஒரு வட்டாரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று நகராட்சி 2017இல் வரம்பு போட்டது. அதற்கு முன் அனுமதி வாங்கியவை அப்படியே நிற்கின்றன. தெருவில் நடக்கும்போது கதவுகளில் எண் அமுக்கித் திறக்கும் பூட்டுகள் எத்தனை என்று எண்ணினால் போதும். வரிசையாக நாலைந்து இருந்தால் அந்தத் தெருவில் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள்தான் அக்கம்பக்கத்தார். சாவி தொலைந்துபோனாலோ கூரியர் வந்தாலோ உதவ ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

தெற்கே வந்தால் ஸ்டார்லாந்து, தாமஸ் ஸ்கொயர் பகுதிகளில் ஓவியர்கள், மாணவர்கள், காபிக்கடைகள். வயது இருபதுகளில், முப்பதுகளில் உள்ளவர்கள் இங்கேதான் கூடுகிறார்கள். ஆர்ட்ஸ்லி பார்க் மரநிழலான குடும்பப் பகுதி, மழைக்குச் சில தெருக்கள் நிரம்பும். சவுத்சைடில் வாடகை குறைவு, அழகும் குறைவு. மேற்கே விமான நிலையத்துக்குப் பக்கம் பூலர்: புதிய அடுக்ககங்கள், பெரிய கடைகள், கல்ஃப்ஸ்ட்ரீமுக்கும் ஹூண்டாய்க்கும் அருகு. வேலைக்கு வசதி என்று பூலரில் இறங்கும் தனியாட்கள் பலர், ஆறுமாதத்தில் சலித்துப்போய் நகரத்துக்கு மாற நினைப்பார்கள். ஒப்பந்தத்தை உடைக்கும் அபராதம் அப்போதுதான் கண்ணில் படும்.

ஒரு படுக்கையறை வீட்டுக்கு இப்போது மாதம் 1,500 டாலரை ஒட்டி ஆகிறது. வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் காட்டச் சொல்வது நிர்வாக நிறுவனங்களின் வழக்கம். அதாவது ஆண்டுக்கு 54,000 டாலர், ஒற்றைச் சம்பளத்தில். டெபாசிட் விஷயத்தில் 2024 ஜூலை 1 முதல் ஜார்ஜியாவின் புதிய சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாடகை பாக்கி என்று வழக்குப் போடும் முன் எழுத்தில் மூன்று வேலைநாள் அவகாசம் தர வேண்டும். காலிசெய்த 30 நாளுக்குள் டெபாசிட் திரும்ப வேண்டும். குடிபுகும் அன்றே சுவர் விரிசல், தரைக் கறை, ஓடாத மின்விசிறி எல்லாவற்றையும் படம் எடுத்து, இருக்கும் சேதங்களின் பட்டியலில் கையெழுத்தாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். பின்னால் தகராறு வந்தால் சாட்சி சொல்ல வீட்டில் இன்னொருவர் இல்லை.

மின்கட்டணம் தனிக்கதை. பழைய வீடுகளின் கூரை உயரம், சன்னல் சட்டங்கள் பழசு, குளிர்சாதனம் மே முதல் அக்டோபர் வரை நிற்காமல் ஓடும். முன்பிருந்தவர் 12 மாதமும் எவ்வளவு கட்டினார் என்று கேட்டு வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுவது மேல்.

கார் இல்லாமல் முடியுமா?

நகர மையத்திலேயே வீடும் வேலையும் இருந்தால் முடியும். மையத்தில் கட்டணமில்லா ‘டாட்’ பேருந்து ஓடுகிறது. ஆற்றைக் கடக்கும் படகும் இலவசம். அதைத் தாண்டினால் சவானா இருக்கும் சாட்டம் கவுண்டியின் பேருந்துகளை நம்ப வேண்டும். மணிக்கொரு முறை வரும் தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய நேரக்கணக்கு போயிற்று. வேலைக்கு ஆலைப் பக்கம் போகிறவருக்குக் கார் கட்டாயம்.

காரோடு வருபவருக்கு 30 நாள் கெடு: அதற்குள் ஜார்ஜியா ஓட்டுநர் உரிமம், அதற்குள் வண்டிப் பதிவு. புதிதாகக் குடியேறுபவர் வண்டி மதிப்பில் 3 சதவீதத்தை ஒரு முறை வரியாகக் கட்ட வேண்டும். 20,000 டாலர் மதிப்புள்ள காருக்கு 600 டாலர். இடம்பெயரும் செலவுக் கணக்கில் பலர் எழுத மறக்கும் வரி இது. அட்லாண்டாப் பகுதிக்காரர்களைப் போலப் புகைச் சோதனை எடுக்க வேண்டியதில்லை. மையத்தில் இரவு கார் நிறுத்துகிறவர், தெரு கூட்டும் நாள் எது என்று கம்பத்தில் உள்ள பலகையைப் படித்துவிட வேண்டும். அபராதச் சீட்டுதான் இந்த ஊர் புதியவருக்குத் தரும் முதல் வரவேற்பு. மார்ச் 17 புனித பேட்ரிக் நாள் இன்னொரு கண்டம். 1824இலிருந்து நடக்கும் அந்த ஊர்வலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், சாலைகள் அடைபடும். மையத்தில் இருப்பவர் முந்தின நாளே காரை வெளியே எடுத்து வைத்தால்தான் மறுநாள் வேலைக்குப் போகலாம்.

புயல் வந்தால்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2016இல் மேத்யூ, 2017இல் இர்மா, 2019இல் டோரியன் என்று மூன்று முறை கரையோர மக்கள் வெளியேற உத்தரவு வந்தது. டோரியன் சமயத்தில் மேக்கன் நோக்கிப் போகும் ஐ-16 நெடுஞ்சாலையின் இரு பக்கமும் மேற்கு நோக்கியே திருப்பிவிடப்பட்டன. டோரியன் கடைசியில் ஜார்ஜியாக் கரையைத் தொடாமலே போய்விட்டது. இங்கேதான் புதியவர் ஏமாறுவார்: ஒருமுறை வீணாக ஓடியவர் அடுத்த முறை ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று உட்கார்ந்துவிடுவார். 2024 செப்டம்பரில் ஹெலீன் ஜார்ஜியாவுக்கு உள்ளே புகுந்து போனபோது சவானாவில் மின்சாரம் இல்லாத நாட்களில் அப்படி உட்கார்ந்தவர்கள் நொந்துபோனார்கள்.

கவுண்டி நிர்வாகம் வட்டாரங்களை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறது. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே தன் வீடு எந்த எழுத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தனியாள் செய்யவேண்டிய கணக்கு இது: மேக்கனிலோ அட்லாண்டாவிலோ நான்கு இரவு விடுதி, பெட்ரோல், சாப்பாடு. குடும்பமாகப் போனால் ஒரே அறை வாடகை நான்கு தலைக்குப் பிரியும், தனியாளுக்கு முழுச் சுமையும் ஒரே தலையில். 1,000 டாலர் தனியாக ஒதுக்கிவைப்பது மிகையல்ல. கார் இல்லாதவர்களைப் பேருந்தில் உள்நாட்டு முகாம்களுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு உண்டு. உடல்நலக் குறைவு உள்ளவர்கள் அதற்கான பதிவேட்டில் புயல் காலத்துக்கு முன்பே பெயர் கொடுக்க வேண்டும், புயல் கிளம்பியபின் கொடுத்தால் நேரம் இருக்காது. போனவர் நினைத்த நாளில் திரும்பவும் முடியாது. சாலைகளையும் மின்கம்பிகளையும் பார்த்து அதிகாரிகள் அனுமதித்தால்தான் உள்ளே வரலாம். பூனையோ நாயோ இருந்தால் அதை ஏற்கும் விடுதிகளின் பெயர்களை மே மாதத்திலேயே எழுதிவைப்பது உத்தமம்.

உடம்புக்கு முடியாமல் போனால்

ஜார்ஜியா, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை முழுமையாக விரிவுபடுத்தாத மாநிலம். பிள்ளை இல்லாத தனியாளை இது நேரடியாகத் தாக்குகிறது. ஆண்டு வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே (2025இல் ஒருவருக்கு 15,650 டாலர்) இருந்தால் காப்பீட்டுச் சந்தையில் மானியம் கிடைக்காது. மாநிலம் 2023 ஜூலையில் தொடங்கிய ‘பாத்வேஸ்’ என்ற மெடிக்கெய்டுத் திட்டத்தில் சேர மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ காட்ட வேண்டும். வேலை தேடிக்கொண்டே வரலாம் என்று கிளம்புகிறவர் இந்த இடைவெளியில் விழுந்துவிடுவார். வேலைக் கடிதமோ பழைய முதலாளியின் காப்பீட்டு நீட்டிப்போ இல்லாமல் வீட்டைக் காலி செய்யக் கூடாது.

காகிதம் ஒன்று இருக்கிறது, ஒரு மணி நேர வேலை. சுயநினைவு இல்லாத நிலையில் தனக்காக மருத்துவரிடம் பேசப் போவது யார் என்று எழுதிவைக்கும் ஆவணம், ஜார்ஜியாவில் 2007இலிருந்து ஒரே படிவமாகக் கிடைக்கிறது. நோட்டரி தேவையில்லை, இரண்டு சாட்சிக் கையெழுத்து போதும். பிரதிநிதியாக எழுதப்படுபவரே சாட்சியாக இருக்க முடியாது. இது இல்லாவிட்டால் மருத்துவமனை மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தார் என்று வரிசையில் தேடும். நண்பருக்கு வெகு பின்னால்தான் இடம். மதுரையில் தூங்கிக்கொண்டிருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் எழுப்பி, அறுவை சிகிச்சைக்குச் சம்மதமா என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள். அதைவிட, தெருக்கோடியில் இருக்கும் சிநேகிதியின் பெயரை எழுதிவைப்பது இருவருக்கும் நல்லது. சின்ன சிகிச்சைக்கும் மயக்க மருந்து கொடுத்தால் கூட்டிப்போக ஒரு பெரியவர் வரவேண்டும் என்பார்கள். வாடகைக் காரின் ஓட்டுநரை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சிநேகிதி எங்கிருந்து வருவாள்?

ஆள் சேர்ப்பது

தென்மாநிலத்துக்காரர்கள் பேச்சுக்குக் குறை வைக்கமாட்டார்கள். தெருவில் எதிரே வருபவர் வணக்கம் சொல்வார், கடைக்காரர் ‘மேம்’, ‘சார்’ என்பார், வயதான பெண்மணியை மிஸ் என்று முன்னால் சேர்த்துப் பெயர் சொல்லி அழைப்பார்கள். இதை நட்பு என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. அது மரியாதை. நட்புக்கு ஒரே இடத்தில் ஒரே நாளில் திரும்பத் திரும்பத் தலை காட்ட வேண்டும். பலருக்கு அந்த இடம் தேவாலயம். எந்தச் சர்ச்சுக்குப் போகிறாய் என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். குத்தலாகக் கேட்பதில்லை, போவதில்லை என்றால் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

சர்ச்சுக்கு வெளியே வழிகள் நிறைய. சனிக்கிழமை காலையில் ஃபோர்சைத் பூங்காவின் தெற்குமுனையில் உழவர் சந்தை. ஓடுகிறவர்களுக்குச் சவானா ஸ்ட்ரைடர்ஸ் என்ற பழைய சங்கம், டிசம்பரில் டால்மேட்ஜ் பாலத்தின் மேல் ஓட்டப் பந்தயம். மே முதல் அக்டோபர் வரை டைபீயில் கடலாமை முட்டையிடும் காலம், தன்னார்வலர்கள் விடியற்காலையில் கரையில் தடம் தேடிப் போவார்கள். ஜோன்ஸ் தெருவில் மிஸஸ் வில்க்ஸ் உணவகம் ஒரு காலத்தில் தனியாட்கள் தங்கிச் சாப்பிட்ட போர்டிங் ஹவுஸ். 1943இல் சீமா வில்க்ஸ் அதை எடுத்து நடத்தத் தொடங்கினார். இன்றும் முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, நடுவில் கிண்ணங்களை நிரப்பி வைக்கிறார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பரிமாறிக்கொண்டு, எழும்போது தன் தட்டைத் தானே சமையலறைக்கு எடுத்துப்போக வேண்டும். வரிசை நீளம். வெளியூர்க்காரர்கள்தான் அதிகம். ஆனால் தனியாகச் சாப்பிட்டு அலுத்தவருக்கு ஒரு வேளை அங்கே போவது வீண்போகாது.

ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பர்கள். 1859இல் கட்டி முடித்த ஃபர்ஸ்ட் ஆஃப்ரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்தையும், சதுப்பின் ஓரத்தில் நண்டும் சிப்பியும் பிடித்து வாழ்ந்த பின் பாயின்ட் கிராமத்தையும் பார்க்காமல் இந்த ஊரில் யார் அருகில் வாழ்கிறோம் என்பது விளங்காது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நெல் அறிவில்தான் இந்தக் கரையின் செல்வம் விளைந்தது. அவர்கள் வழிவந்த கீச்சி மக்களின் சமையலில் தக்காளிச் சோறும் வெண்டைக்காயும் இறாலும் இருக்கும். சாலையோரத்தில் உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை விற்பார்கள். தமிழ்நாட்டுக்காரர் விலை மட்டும்தான் விசாரிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்க் கூட்டம் வேண்டுமென்றால் ஐ-16ஐப் பிடித்து நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். அட்லாண்டாவில் தமிழ்ச் சங்கமும் ரிவர்டேலில் பெருமாள் கோயிலும் பெரிய இந்திய மளிகைக் கடைகளும் இருக்கின்றன. மாதம் ஒரு முறை போய்வருபவர்கள் குளிர்ப்பெட்டியோடு போகிறார்கள். அந்தப் பயணத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெளியேற்ற உத்தரவு வரும் நாளில் ஓட்டவேண்டிய சாலை அதேதான், வழியில் எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்று தெரிந்துவிடும், அட்லாண்டாவில் ஒரு வீட்டுச் சோபா கிடைத்தால் விடுதிச் செலவும் மிச்சம்.

எப்போது கிளம்புவது

ஆகஸ்டில் ஒரு வாரம் வந்து, வேலைக்குப் போகும் நேரத்தில் காரோட்டி, பிற்பகல் மழையில் தெருக்களைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. குடிபுக அந்த மாதம் ஏற்றதல்ல. கலைக் கல்லூரி மாணவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் வீடுகளை மொத்தமாக அள்ளிக்கொள்வார்கள். புயல் காலத்தின் உச்சமும் அப்போதுதான், அன்று எடுத்த வெள்ளக் காப்பீடு நடப்புக்கு வருமுன் செப்டம்பர் வந்துவிடும். பிப்ரவரி முடிவிலிருந்து சுற்றுலாக் கூட்டம். மிஞ்சுவது டிசம்பரும் ஜனவரியும். பார்ப்பதற்கு வீடுகள் குறைவாக இருக்கும், ஆனால் காலியாகக் கிடக்கும் வீட்டின் உரிமையாளர் வாடகையில் ஐம்பது நூறு குறைக்கவும், ஒப்பந்தத்தை 12 மாதத்துக்குப் பதில் 14 மாதமாக எழுதிக் கொடுக்கவும் அப்போதுதான் இறங்கிவருவார். அந்த இரண்டு மாத நீட்டிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். ஜனவரியில் தொடங்கும் 14 மாத ஒப்பந்தம் அடுத்த ஆண்டு பிப்ரவரி முடிவில்தான் முடியும். முதல் புயல் காலம் முழுவதையும் அந்த வீட்டில் கழித்துப் பார்த்து, தண்ணீர் எதுவரை வருகிறது என்று தெரிந்தபிறகே நீடிப்பதா, மேட்டுப் பக்கம் மாறுவதா என்று முடிவு செய்யலாம்.